இடது ஒலிவாங்கி

சனி இரவு வாசிப்பார்கள்.
திங்கள் காலை என் மேசைக்கு வரும்,
இரண்டு மணி பதினேழு நிமிடம்.
ஞாயிறு மதியம் வானொலியில் போகும்போது
ஒரு மணி ஐம்பத்தெட்டு.
இடையில் காணாமற்போன பத்தொன்பது நிமிடம்தான்
என் சம்பளம்.

கைதட்டலைப் பதினொரு நொடியாக்குவேன்.
நாற்காலிக் கிரீச்சை,
மடியிலிருந்து வழுக்கி விழும் நிகழ்ச்சிநிரலை,
இருமல் மிட்டாயின் உறையை மெதுவாகப் பிரித்தால்
கேட்காது என்று நம்பும் ஒரு நல்ல மனிதரை
(மெதுவாகப் பிரித்தால் நீளமாகக் கேட்கும், ஐயா)
எடுத்துவிடுவேன்.
எடுத்த இடம் ஓட்டையாக நிற்கக் கூடாது.
தொடங்குமுன் அரங்கம் மூச்சடக்கிய
நாலு நொடி என்னிடம் இருக்கும்.
அதிலிருந்து கிள்ளிக் கிள்ளி ஒட்டுவேன்.
மௌனத்துக்கும் நிறமுண்டு.
பனி கொட்டும் இரவின் மௌனம்
கோட்டுகள் நிறைந்து தடிப்பாக இருக்கும்,
மே மாதத்து மௌனத்தோடு ஒட்டாது.

இது சாஸ்கட்டூன்.
நவம்பர் பிறந்தால் ஊரே இருமும்.
ஆனாலும் அந்த ஒருவரை எனக்குத் தெரியும்.
இடது ஒலிவாங்கி, நாலாவதோ ஐந்தாவதோ வரிசை.
இரண்டு இருமல்.
முதலாவது அனுமதி கேட்கும்.
இரண்டாவது பதிலுக்குக் காத்திராது.
திரையில் பார்த்தால் ஒட்டகத்தின் முதுகு.
வேகமான பாகங்களில் வாய் திறக்காது.
இரண்டாம் பாகம், மெதுவானது,
வயலின்கள் எல்லாம் இறங்கிப்போய்
ஓபோ மட்டும் மேலே தனியாக நிற்கும் இடம்,
அங்கேதான்.
ஆறு பருவமாக.
இசைஞர்கள்கூட இத்தனை சரியாக நுழைவதில்லை.

ஆணா பெண்ணா தெரியாது.
ஓரெஸ்ட்டிடம் கேட்டேன். அறிவிப்பாளர்.
செக் நாட்டுப் பெயர்களைச் சறுக்காமல் சொல்வார்,
முடிவில் ‘ஒலித்தொகுப்பு மதிவதனி’ என்பதை மட்டும்
ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகக் கண்டுபிடிப்பார்.
"எந்த இருமல்?" என்றார்.
சரிதான்.
அவர் கேட்பது நான் வெட்டியதற்குப் பிறகு.
வானொலியில் அந்த ஆள் பிறக்கவே இல்லை.

பெப்ரவரி இரண்டாம் வாரம்
மெதுவான பாகம் வந்தது. ஓபோ நின்றது.
கத்தரியோடு காத்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
பின்னால் போய்க் கேட்டேன். ஒன்றுமில்லை.
அவ்வளவு சுத்தமான எட்டு நொடி
இந்த வேலையில் எனக்குக் கிடைத்ததில்லை.
நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமும். அதற்கடுத்ததும்.
வெளியே மைனஸ் முப்பத்தைந்து.
தும்மினால் நூறு வயசு என்கிறோம்.
இருமினால் யாரும் ஆயுள் சொல்வதில்லை,
தண்ணி குடி என்கிறோம்.

வெட்டியதை நான் எறிவதில்லை.
‘குப்பை’ என்றொரு கோப்புறை.
அதில் அவர், நூற்றுக்கும் மேல், தேதிவாரியாக.
ஒரு ஜனவரியில் மார்ச்சளி,
ஒரு ஏப்ரலில் கிட்டத்தட்டச் சிரிப்பு.
வியாழன் மாலை எல்லாரும் போனபின்
ஒன்றை எடுத்து
அந்த எட்டு நொடிக்குள் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
அதுதான் பயமாக இருந்தது.
எடுத்துவிட்டேன்.

மார்ச் மூன்றாம் வாரம்,
ஹார்ன் ஒன்று வழுக்கிய சாதாரணக் கச்சேரி.
இரண்டாம் பாகம்.
முதலாவது.
இரண்டாவது.
வலது ஒலிவாங்கியில்.

இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.
மேல்மாடம் போலிருக்கிறது, சற்றே எதிரொலியோடு.
ஐந்து வாரம் எங்கே போனார்,
காலா, காசா, பக்கத்து இருக்கையோடு பிணக்கா,
எனக்கென்ன தெரியும்.
காதொலிப்பானைக் கழற்றிவிட்டு
ஜன்னலுக்குப் போய் நின்றேன்.
ஆற்றில் பனிக்கட்டி ஓரங்களில் கறுத்திருந்தது.
திரும்பி வந்து மூன்று தடவை கேட்டேன்.

பிறகு வெட்டினேன்.
நல்ல மார்ச் மௌனமாகப் பார்த்து ஒட்டினேன்.

ஞாயிறு, ஒரு துளிக் கறையில்லாமல் போயிற்று.
முடிவில் ஓரெஸ்ட் என்னை
‘மடிவாடனி’ என்றார்.