பி.ஏ., வரலாறு

மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தி.
பருப்புக்கும் சாம்பாருக்கும் நடுவே
வில்பிரட் மாமா கேட்டார்:
"பிள்ளே, நீ என்ன படிச்ச?"
பி.ஏ. என்றேன்.
"தமிழா, வரலாறா?"
பக்கத்து இலைக்காரருக்கு
அதைவிடப் பெரிய சந்தேகம்:
"எந்த எம்.எல்.ஏ.கிட்ட?"
ஃபிசிசியன் அசிஸ்டென்ட் என்று
நான் நீட்டி முழக்குவதற்குள்
பாயசம் வந்துவிட்டது.
பப்படம் நொறுக்கி மட்டிப்பழம் பிசைகிறவர்களிடம்
எதையும் விளக்க முடியாது.

நர்ஸ் இல்லை. டாக்டரும் இல்லை.
அண்டி ஆபீசில் தினம் ஒருத்திக்குச் சொல்லிச் சலித்து
"ஆஸ்பத்திரி வேலை" என்று
அம்மா சுருக்கிக்கொண்டாள்.

தையல் பழகிய காலத்தில்
மட்டிப்பழத் தோல் கிழிந்துபோகும்,
ஏத்தம்பழத் தோல்தான் தாங்கும்.
பதினோரு தையல் போட்ட பழத்தை
நூல் உருவித் தின்றான் தம்பி.
ரத்த அழுத்தம் பார்க்கவும் அவன் கைதான்,
தடவைக்கு ஐந்து ரூபாய்.

எங்கே வலி, எப்போது தொடங்கியது,
எங்கெல்லாம் பரவுகிறது,
எது கூட்டும், எது குறைக்கும்:
பஸ் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள்
உதட்டுக்குள் ஒப்பித்து முடிப்பேன்.
"எனக்கு முட்டுல. படி இறங்கும்போ மட்டும்"
என்றார் ஒருநாள் கண்டக்டர்.

வார்டில் முதல் வாரம்
நான் எழுதிய தாளைத் திருப்பித் தந்தார் டாக்டர் லதிகா.
"வலி இருக்கு. ஆளைக் காணோம்.
என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?"
கேட்கவில்லை.
"போய்க் கேட்டுட்டு வா."
அத்தனை கட்டில்களும் பார்த்திருக்கத் திரும்ப நடந்தேன்.

ஏசுவடியான், ஐம்பத்தாறு, கடையாலுமூடு,
ரப்பர் பால்வெட்டு.
விடியும்முன் ஐந்தரைக்கு
நெற்றி விளக்கை அணைக்காமலே வந்தார்.
குனிந்தால் என் கண்ணில் அடித்தது வெளிச்சம்.
கழற்றி, அணைத்து, கோட்டுப் பையில் போட்டேன்.
"கேஸ்தான் மக்கா. ராத்திரி கிழங்கும் மீனும்."
எப்போ தொடங்கிச்சு?
"நாப்பதாவது மரம். கத்தி கையில நிக்கல."
நான்கேகால் என்று குறித்தேன்.
ஈ.சி.ஜி. தாளில்
இறங்க வேண்டிய அலை
இறங்காமல் உயரத்திலேயே நின்றது.

டாக்டர் படியேறி வர நான்கு நிமிடம்.
நாக்கடியில் வைக்கும் மாத்திரையை
சிஸ்டர் உறை பிரித்துக்கொண்டிருந்தார்.
என்ன மாத்திரை சாப்பிடுவீங்க?
"சுகருக்கு. பிரஷருக்கு."
வேற?
மனைவியைப் பார்த்தார்.
ஒட்டுப்பால் மணக்கும் சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி
நின்றிருந்தார் றோஸ்லெட்.
அக்கா, கேன்டீன்ல கொஞ்சம் சுடுவெள்ளம் வாங்கிட்டு வாங்க.

கதவு மூடியது.
"நேத்து ராத்திரி ஒண்ணு.
நீலக் கலர். மெடிக்கல்ல கேட்டா தருவான்."
கண்ணை மூடிக்கொண்டார்.
நெஞ்சைவிட அங்கேதான் வலித்தது போல.
எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.
பத்து.
சிஸ்டர், டாக்டர் வரட்டும், அதை வைக்காதீங்க.
அவ்வளவுதான் நான் சொல்லலாம்.
சொன்னேன். எழுதினேன்.
இரண்டு அடிக்கோடு.

டாக்டர் தாளைக் கீழிருந்து மேலாக வாசித்தார்.
"அது வேண்டாம்" என்றார் சிஸ்டரிடம்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டில் லிஃப்டுக்குள் போனது.

சுடுவெள்ளத்தோடு வந்த றோஸ்லெட்
"என்ன சொன்னாரு?" என்றார்.
மரத்தப் பத்தி.
"வெட்டின மரத்துல பால் உறைஞ்சிருக்கும்" என்று
ஃபிளாஸ்கை மாரோடு அணைத்துக்கொண்டு
பெஞ்சில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான்
பையில் விளக்கு இடித்தது.

ஐந்தாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கித் தலையணைக்கடியில் வைத்தார்.
"மக்கா, அதையும் எழுதினியா?"
எழுதினேன்.
"றோஸ்லெட்டுக்கு வாசிக்கத் தெரியும்."
இங்கிலீஷ்லதான் எழுதினேன்.
சிரித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.
எங்கே வலிக்குது என்று
என் வாய் தானாகக் கேட்டது.