அரைப்பேர்

போன வருசம் ஏழுக்குப் பூச்சியம்.
அந்த டீமில் இரண்டு பேர்
இப்போது வெள்ளவத்தைத் துணிக்கடையில்,
ஒருத்தன் கத்தாரில்.
ஏழையும் வாங்கிய கோலி தவசீலன் மட்டும் இங்கேதான்,
நோர்வூட் மைதானத்து வாசலில்
த்ரீவீலருக்குள் உட்கார்ந்து
புதுப் பொடியன்களைப் பார்க்கமாட்டேன் என்கிறான்.
பார்க்கிறான்.

இந்த வருசம் நாங்கள் கிண்ணம் கேட்கவில்லை.
எல்லாம் பத்தாம் வகுப்பு,
பாதிப்பேருக்கு பூட்ஸ் இரவல்,
ஒன்பதாம் இலக்க ஜெர்சி முழங்காலைத் தொடுகிறது.
"மூன்று வருசம் தாங்க" என்றார் ஜெயரூபன் சேர்.
சரி என்றோம்.
கவ்வாத்து வெட்டின மலையில்
அடுத்த வாரமே கொழுந்து கேட்கிறவன் உண்டா?
உண்டு. துரை.
நாங்கள் துரை இல்லை.

ஒரு கோல். ஒன்றே ஒன்று.
அதைப் பார்க்க
அரைப்பேர் போதுமென்று மலையை விட்டு இறங்கி வந்திருக்கிறாள்
இன்னும் பெஞ்சை விட்டு எழும்பாத
லோகிதனின் அம்மா யோகமலர்.

இடைவேளைக்குப் பிறகு பனி இறங்கி
அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தை எடுத்துக்கொண்டது.
விசில் மட்டும் கேட்டது.
யாருக்கு? யாருக்கு?
வேலியோரம் முழுக்க ஒரே கேள்வி.
பனிக்குள்ளிருந்து
அந்த நீள ஜெர்சி ஓடி வந்தது,
இரண்டு கையும் மேலே.

யோகமலர் குடையைத் தூக்கி எறிந்தாள்.
தவசீலன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

இன்னமும் மூன்று கோல் பின்னால்தான் நாங்கள்.
ஆனாலும் பக்கத்தில் நின்றவர்
மெதுவாகக் கேட்டார்,
நானும் விரலில் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
"அரையிறுதிக்கு இன்னும் எத்தனை மெச்?"