அரையங்குலச் சரிவு

மொத்தம் பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பேங்க் லோன் பதிமூன்று.
மிச்சத்துக்கு என் பி.எஃப்., உலகம்மாளின் நான்கு வளையல்,
மச்சினன் நல்லபெருமாள்
முகம் சுளிக்காமல் எடுத்துத் தந்த எண்பதாயிரம்.

மனை, கே.டி.சி. நகர் தாண்டி இரண்டே முக்கால் சென்ட்.

லாரி ஆபீசில் இருபது வருசம் பில் எழுதுகிறவன் நான்.
எண்பது பக்க நோட்டு வாங்கி
அறைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.
ஹாலுக்கு மட்டும் இரண்டு.
பூசை மாடத்துக்குக்கூட ஒன்று.
கடைசியில் 'இதர செலவு' என்று கோடிழுத்து
பெயின்டுக்கும் கேட்டுக்கும் நடுவே
ஒரே வரி:
பாத்ரூம் 1. ரூ. 65,000.

அவள் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பார்த்தால்
பென்சிலால் அந்த 1
2 ஆகியிருந்தது.

"கட்டுபடியாகாது" என்றேன்.
இன்ஜினீயர் ஆண்ட்ரூஸ்தான் சிரித்தார்:
"அண்ணாச்சி, ஏசி பாயின்ட் மூணு கேக்கிய,
ஒண்ணுக்குப் போற எடம் மட்டும்
ஓசியில வரணுமாக்கும்?"

சமாதானபுரத்து லைன் வீட்டில்
ஐந்து குடும்பத்துக்கு ஒரு கதவு.
விடிய நாலரைக்கே வாளிகள் வரிசையில் நிற்கும்;
ஆள் நிற்க வேண்டாம், வாளி போதும்.
எங்களுடையது பச்சை, கைப்பிடியில் கயிறு கட்டியது.
உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.
யாராவது செருமினால் உள்ளிருப்பவர் செரும வேண்டும்.
அங்கே பதினான்கு வருசம்.

உலகம்மாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்
தண்ணீர் குடிக்க மாட்டாள்.
பழக்கம் என்று நினைத்திருந்தேன்.
ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற ஊரில்
அப்படியும் ஒரு பழக்கமா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அந்த 2-ஐ அழிக்க ரப்பர் தேடிய இரவில்தான்
கேட்டேன்.
சொன்னாள். நாலே வார்த்தை.
ரப்பரைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

பிறகு பாறை வந்தது.
செப்டிக் டேங்க் பள்ளத்தில் நாலாவது அடியில் டங்கென்று.
பிரேக்கர் வாடகை மணிக்கு ஆயிரத்து இருநூறு,
இரண்டரை நாள், டிரைவருக்குப் பரோட்டா தனி.
என் நோட்டைப் பற்றி அந்தப் பாறைக்கு என்ன தெரியும்?
ஹால் சீலிங்கின் பூ டிசைன் அந்தக் குழிக்குள் போனது.
முன்சுவரின் கல் பதிப்பு போனது.
கேட்டும் போனது.

வண்ணாரப்பேட்டை டைல்ஸ் கடையில் பையன்
டால்பின் துள்ளும் சுவரைக் காட்டினான்.
உலகம்மாள் கீழே குனிந்து
வழுக்காத சாம்பல் டைல்ஸை உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்தாள்.
மிச்சம் விழுந்த சரக்கு, மூன்று ஷேடு, பாதி விலை.
ஒன்றில் நம்ம ஊர் பீங்கான்.
மற்றதில் உட்காருகிற மாடல்,
என் இடது முட்டிக்கு.

தவசிக்கனி கொத்தனார் தரை போட்டு முடித்த அன்று
அவள் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.
தண்ணீர் கொஞ்சம் நின்றது.
அப்புறம் ஓட்டையை விட்டுவிட்டு
கதவைப் பார்த்து நடந்தது.
"காயட்டும்க்கா, தானா சரியாயிரும்."
"எங்க போவுதுன்னு நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."
இன்னொரு செம்பு ஊற்றினாள்.
இன்னொன்று.
அவர் உளியை எடுக்கும்வரை நகரவில்லை.
ஆறு டைல்ஸ், அரைநாள் கூலி:
ஆயிரத்து நூற்றுப் பத்து.
எழுதிக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் போனபின்
இரவு பத்தேகால் இருக்கும்.
அடுக்களையில் நின்று
அண்ணாந்து
கழுத்தில் வழிய வழியக் குடித்தாள்.
செம்பைக் கவிழ்த்துவிட்டு
மறுபடி நிமிர்த்தி நிரப்பினாள்.

கேட் அடுத்த போனசுக்கு.
இப்போதைக்கு இரண்டு தட்டி, நைலான் கயிறு.
பக்கத்து மனை எருமை தினமும் முட்டித் தள்ளிக்கொண்டு வந்து
புதுச் சுவரை முகர்ந்துவிட்டுப் போகிறது.