பதினெட்டாவது நகம்

நாளுக்கு நூற்றிருபது கை பார்க்கிறவள் நான்.
பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறை.
றப்பர் கட்டு, பஞ்சு, "கையைப் பொத்துங்கோ", ஊசி,
"மடிச்சுப் பிடியுங்கோ", அடுத்த ஆள்.
நரம்பு ஒளித்தாலும் விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவேன்.
ஆனால் சோடாவின் நகம் கறுப்பு.
உள்ளே ரத்தம் எந்த இடத்தில் முடிகிறதென்று
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

போன வைகாசியில் மரியநேசன் அண்ணை
சாக்கால் மூடி, முழங்காலால் அமுக்கி,
"ரெண்டு நிமிச வேலை, தங்கச்சி" என்றார்.
இரண்டு நிமிடம்தான்.
சீமெந்துத் தரையில்
ஐந்து ரூபாய்க் குத்தியளவு ரத்தம்.
பிறகு ஆறு மாதம்
கொடியிலிருந்து துவாயை எடுத்தாலே
கட்டிலுக்கடியில் போய்விடுவான்.
முகம் துடைக்கத்தான் எடுத்தேன் என்று
நாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கார்த்திகை மழையோடு தொடங்கினேன்.
முதல் கிழமை நகம்வெட்டி தரையில் கிடந்தது, அவ்வளவே.
பக்கத்தில் ஒரு அவித்த நெத்தலி.
நான் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்தேன்,
உலகத்தில் எனக்கு வேறு அலுவலே இல்லாதது போல.

அடுத்த கிழமை ஈர்க்கு வெட்டினேன்.
டக். நெத்தலி. டக். நெத்தலி.
விளக்குமாறு பாதியானது.
கொழும்புத்துறை முழுக்க மழை.
குடையோடு மதிலால் எட்டிப் பார்த்த அயல்வீட்டு றொசலின்
"உமக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டாள்.

பிறகு நாடி.
எங்கள் பக்கம் நாடி என்றால் இரண்டு:
மோவாயும் அதுதான், துடிப்பும் அதுதான்.
மடித்த துவாயை முக்காலியில் வைத்து
அவன் அதன்மேல் நாடியை வைக்கும்வரை பார்த்திருப்பேன்.
வைத்தால் தொடுவேன்.
எடுத்தால் கையை எடுத்துவிடுவேன்.
அவன் நம்பவில்லை.
வைத்தான், எடுத்தான், வைத்தான், எடுத்தான்,
லைற் சுவிச்சைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி
நாற்பது தரம் என் கையை நூர்த்து நூர்த்து ஏற்றினான்.
நாற்பத்தோராம் தரம் எடுக்கவில்லை.
பெருமூச்சு விட்டான். துவாய் ஈரமானது.
முன்வலது கால், சின்னவிரல், மயிரளவு.
டக்.
ஈர்க்கோ நகமோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாளுக்கு ஒன்று.
பதினெட்டு நகத்துக்குப் பதினெட்டு நாள் என்று
கணக்குப் போட்டது நான், அவன் அல்ல.
இடி இடித்த நாள் வரமாட்டான்.
வெடி கொளுத்தின நாள் வரமாட்டான்.
ஒரு செவ்வாய்க்கிழமை காரணமே இல்லாமல் வரமாட்டான்.

இதை ஆஸ்பத்திரியிலும் செய்து பார்த்தேன், சொல்ல வெட்கம்.
ஆறு வயதுப் பொடியன், இனியவன் என்று துண்டில் இருந்தது.
"நீ ஓம் எண்டால்தான் குத்துவன்" என்றேன்.
"இல்லை" என்றான்.
சரியென்று ஊசியைத் தட்டில் வைத்தேன்.
தாய் என்னைப் பார்த்தாள். வரிசை என்னைப் பார்த்தது.
பதினொரு நிமிடம்.
"மிஸ்ஸுக்கு இண்டைக்கு என்ன?" என்றது ஒரு குரல்.
கடைசியில் தாய் அமுக்கிப் பிடித்தாள்,
நான் குத்தினேன்.
முதல் குத்திலேயே நரம்பு.
கெட்டிக்காரி.

அன்றிரவு நகம்வெட்டி லாச்சிக்குள்ளேயே கிடந்தது.
நான் கூப்பிடவில்லை.
அவனாக வந்து முக்காலியில் நாடியை வைத்தான்.
துவாய்கூட இல்லை, வெறும் பலகை.
நெத்தலிக்காகத்தான், எனக்குத் தெரியும்.
கொடுத்தேன்.
தலையைத் தடவ எழும்பின கையை
மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

தை பிறந்துவிட்டது. பதினேழு முடிந்தது.
பின்னிடது காலில் ஒன்று மிச்சம்,
சாக்கு நாளில் ரத்தம் வந்தது.
அந்தப் பக்கம் விரல் போனால் நாடி எழும்பும்.
சரி.

இரவில் குசினிக்கும் வாசலுக்கும் அவன் நடக்கும்போது
டிக்,
மூன்று கால் சத்தமில்லை,
டிக்.
விளக்கை நூர்த்துப் படுத்துக் கேட்கிறேன்:
வெட்டாத ஒரு "இல்லை"
வீடு முழுக்கத்
தன்பாட்டில் நடந்து திரிகிறது.