நூற்றியெண்பது கெல்வின்

பேலியகொடையிலிருந்து ஓட்டோவில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தோம் திரவ நைதரசனை.
மூடியை இறுக்கக் கூடாது, அது மூச்சு விட வேணும்.
பொரளைச் சந்தியில் வெண்புகை கண்டு
மறித்த பொலிஸ்காரரிடம்
"குளிர் சேர், வெறும் குளிர்" என்றார் சிஃபான்
சிங்களத்தில், இரண்டு தரம்.

முதலில் நீல வெண்கலம்.
இமைமயிர் நீளத்தில் ஓர் ஊசி.
அதற்குள் இலத்திரன்களுக்கு ஒரே பாதை,
வெள்ளவத்தைத் தண்டவாளம் மாதிரி:
இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் கடல்.

குளிரக் குளிரத் தடை இறங்கியது, நல்ல பிள்ளையாக.
நூற்றியெண்பதில்
அணுக்கள் மயிரிழைக்கும் குறைவாய் நகர்ந்தன.
இலத்திரன்கள் அலையாய்க் கூடிய இடங்களுக்கு
இணங்கிக் கொடுத்தன, அவ்வளவுதான்.
இணங்கியதே வினையாயிற்று.
அலை அங்கேயே உறைந்து
பாதையைச் சாத்தியது.
உலோகம் தான் உலோகம் என்பதை மறந்தது.
வரைபடத்தில் ஒரு மதில் எழும்பியது.

பிறகு கறுப்பு வில்லை,
இற்றியம், பேரியம், செம்பு, ஒட்சிசன்.
தொண்ணூற்றிரண்டில் தடை விழுந்து
பூச்சியத்தில் படுத்துக்கொண்டது.
மீற்றர் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.

இதற்கும் அணுக்களின் நடுக்கந்தானா காரணம்?
ஈயத்துக்கு ஆமென்று சொல்லிவிடலாம்.
இந்தக் கறுப்புக்கு
நான் பிறக்க முன்னமே தொடங்கிய வாதம்
இன்னும் முடியவில்லை.
கொப்பியில் "தெரியாது" என்று எழுதி
அடியில் கோடு போட்டேன்.

ஐந்தரைக்குக் கரண்ட் போனது.
இருட்டில் நைதரசன் மட்டும்
கொதித்துக்கொண்டே இருந்தது.

கொள்ளுப்பிட்டியில் கோச்சி.
கை மாற்றவும் இடமில்லாத நெரிசல்.
தெகிவளை வர
பச்சைக் குடைக்காரி ஒருத்தி நெம்பிக்கொண்டு போனாள்.
அவள் போன தடத்தை மூட
உடம்புகள் ஒரு கணம் பிந்தின.
அந்தப் பிந்தலுக்குள் நான் நழுவினேன்.
அவள் திரும்பவில்லை.
எங்களுக்கிடையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, இரண்டு தோள்,
தூங்கும் குழந்தையின் தொங்கும் கால்.

மேடையில் நின்று
கறுப்பு வில்லையும் இப்படித்தான் என்று எழுத நினைத்தேன்.
பைக்குள் கொப்பி கனத்தது.

கோச்சி போன பிறகும்
தண்டவாளம் கொஞ்ச நேரம் நடுங்கியது.
ஃபோனில் சிஃபான்:
"மிஸ், சூடேறினதில ஊசி வெடிச்சிட்டுது.
வில்லைக்கு ஒண்டுமில்லை."