முதுகால் மூச்சு

மூன்றாம் அங்கத்தில் போஹ்தானா சாக வேண்டும்.
காசநோய்.
புர்னோ அரங்கின் உடைக்காரி ஹெட்விகா
கச்சையின் கீழிரண்டு கண்ணிகளை
இறுக்காமல் விடுகிறாள்.
விலா விரிய இடம் வேண்டுமே.

மூச்சற்றவளாய்ப் பாட
எவ்வளவு மூச்சு!
தாடை தூங்குகிறது.
அடிவயிறு மட்டும்
கஞ்சனைப்போல் எண்ணி எண்ணிக் கொடுக்க
மேல்ஸ்தாயியில் ஒரு நூல்.
அறுந்துவிடும் என்று பயந்து
நாலாம் மாடத்தில் ஒரு டிராம் ஓட்டுநர்
தன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்,
அவளுக்குக் கடன் தருவதுபோல்.

செத்தாயிற்று.
காதலன் அழுது முடிக்க
இன்னும் பதினாறு ஆவர்த்தனம்.
மார்பு அசையக் கூடாது.
பலகையில் பதிந்த முதுகால்
திருட்டு மூச்சு வாங்குகிறாள்.
அவன் வியர்வை ஒரு துளி உதட்டில் விழுகிறது.
நக்கக் கூடாது.

திரை இறங்கியதும் முதல் சொல்:
"ஹெட்விகா, பசிக்குது."