பிசிறு

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தயாபரன் விட்டுப்போன ஃபிளானல் சட்டைகள் ஒன்பது.
வன்கூவர் போகிறவனுக்கு
மழைக்கோட்டு போதுமாக இருந்தது.

சமையல் மேசையில் அட்டைச் சதுரம் வைத்து வெட்டினேன்.
கொலரில் கத்தரி திணறியது.
ஒரு பைக்குள் பார்க்கிங் டிக்கட்,
காசு கட்டாதது.
அந்தப் பையைப் பிரிக்காமல்
அப்படியே ஒரு சதுரமாக்கினேன்.

இந்தப் போர்வைக்குத் தையல் வெளிப்பக்கம் வரவேண்டும்.
பதினாலு வருஷம்
எல்லாவற்றையும் உள்ளே மடித்துத் தைத்த கை
கேட்கவில்லை.
இரண்டு வரிசை பிரித்தேன்.
பிறகு விளிம்பு நெடுக
நறுக், நறுக், நறுக்,
நூலில் மட்டும் படாமல்.
பெருவிரல் கொப்பளித்தது.

கீழ்த்தளத்து உலர்த்தியை மூன்று தரம் நிறுத்தி
வடிகட்டியை வழித்தேன்.
சிவப்பும் நீலமும் கலந்த பஞ்சு,
பூனைக்குட்டி அளவு.
ஐந்தாம் மாடி ஓல்கா எட்டிப் பார்த்து
"என்ன மிருகத்தைத் தோய்த்தாய்?" என்றாள்.
சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.

சூட்டோடு மடியில் விழுந்தது.
வெட்டின இடமெல்லாம் பிசிறு எழும்பி
உள்ளங்கையில் குறுகுறுத்தது.
பைக்குள் விரல் விட்டேன்.
டிக்கட் கூழாகிக் காய்ந்திருந்தது.
தொகை மட்டும்
இன்னும் வாசிக்கலாம்.